மட்டைக்குக் கொடுத்த சீதனம்

புளியந்துறை ஐக்கிய விளையாட்டுக் கழகத்தின் லண்டன் கிளைக்கு ஒரு விதி இருந்தது. ஊரில் பிறந்தவர் விளையாடலாம், அவருடைய பிள்ளைகள் விளையாடலாம், ஊரில் பெண் எடுத்தவர் விளையாடலாம். வேறு யாரும் மட்டையைத் தொடக் கூடாது. கோடையில் கிழக்கு லண்டன் மைதானங்களில் சுற்றுப்போட்டி ஆடுகிற மற்ற ஊர்க் கழகங்களும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் அந்த மூன்றாவது வழியால் ஓர் ஆட்டக்காரனை உள்ளே கொண்டுவரலாம் என்று கண்டுபிடித்த பெருமை கழகத் தலைவர் விஜயரத்தினத்தையே சேரும். அதற்கு அவர் பயன்படுத்தியது தன் தங்கச்சியை.

தங்கச்சியின் பெயர் கனகவல்லி. பத்தொன்பது வயதில் தனியாக ஜெர்மனிக்குப் போனவள். அங்கே அகதி விடுதியில் இருந்து, ஹோட்டல் அறைகள் துடைத்து, பிறகு ஒரு பல் வைத்தியரின் பட்டறையில் பொய்ப்பல் செய்யப் பழகினாள். தொண்ணூற்றொன்பதில் லண்டனுக்கு அண்ணனிடம் வந்தாள். இல்ஃபோர்டில் அதே வேலை கிடைத்தது. பகல் முழுக்க யாரோ முகம் தெரியாத ஆங்கிலேயக் கிழவருக்கு மேல்வரிசைப் பல் செய்வாள். பொழுதுபட ஃபாரஸ்ட் கேட்டில் அண்ணன் வீட்டு மாடியறைக்குத் திரும்புவாள்.

முப்பத்து மூன்று வயதுவரை கல்யாணம் ஆகவில்லை. பேசி வந்த இடமெல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றன. ஜெர்மனியில் ஒன்பது வருடம் ஆரோடை இருந்தவ? விடுதியில் இருந்தாள் என்பது பதில். அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. குறிப்புப் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு முறை அழுதாள், மூன்றாவது முறை அழவில்லை. நம்முடைய சனம் குறை தேடத் தொடங்கினால் பூதக்கண்ணாடி கூடத் தேவைப்படாது என்பது அவளுக்கு நன்றாகவே விளங்கிவிட்டது.

கழகத்தில் அவளுக்கு இருந்த பதவி தேத்தண்ணீர். போட்டி நாட்களில் மைதான ஓரத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு, ரோல்ஸும் தேத்தண்ணீரும் அவள் பொறுப்பு. கிரிக்கெட் அவளுக்கு மண்ணும் விளங்காது. ஆட்கள் ஆர்ப்பரிக்கும்போது தலையை நிமிர்த்திப் பார்ப்பாள், பிறகு குனிந்து கரண்டியைப் பிடிப்பாள்.

நிஷாந்தனை அவள் அப்படித்தான் பார்த்திருந்தாள். வடமேற்கு லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காசாளர், வேறோர் ஊர்க் கழகத்து ஆள். அவன் மட்டையோடு இறங்கினால் மைதானத்துக்கு வெளியே கார் நிறுத்தியவர்கள் எழும்பிப் போய் காரைத் தள்ளி நிறுத்துவார்கள். அவ்வளவு தூரம் அடிப்பான். ஆட்டம் முடிந்ததும் மேசைக்கு வந்து தேத்தண்ணீர் வாங்குவான். ஒரு முறை மட்டும், “சீனி கூடிப்போச்சு,” என்றான். அடுத்த முறை அவள் குறைத்துப் போட்டாள். மூன்று கோடைகளில் அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நாலில் அவனுடைய கழகம் இரண்டாக உடைந்தது. லண்டனில் தமிழர் கழகம் உடைவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. இதில் பிரச்சினை, விருந்துக்கு அழைத்த பாட்டுக்காரருக்கு யார் மாலை போடுவது என்பது. இரண்டு பக்கமும் தாங்கள்தான் உண்மையான கழகம் என்றன. நிஷாந்தன் எந்தப் பக்கமும் போகாமல் அந்தக் கோடை முழுக்க வீட்டில் இருந்தான். பிரிவினை பிடிக்காத மனுசன் என்று ஊர் உலகம் அவனைப் புகழ்ந்தது.

விஜயரத்தினம் புகழ்ந்ததோடு நிற்கவில்லை. புளியந்துறை கிண்ணத்தைத் தொட்டு எட்டு வருடமாகியிருந்தது. இவனோ முப்பத்தாறு வயதில், கட்டாக்காலியாக, எந்தக் கழகத்துக்கும் சொந்தமில்லாமல் இருக்கிறான், கல்யாணமும் ஆகவில்லை. மற்றக் கழகத்துக்காரர் எவருக்காவது இந்த யோசனை வருவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தில் இறங்கினார். செவன் கிங்சில் ஒரு வீட்டுக்கு முன்பணம், ஃபாரஸ்ட் கேட்டில் தன்னுடைய பெட்ரோல் நிலையத்தில் மனேஜர் வேலை. இது மாப்பிள்ளைக்கு. குறிப்பை அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள். அதிசயமாகப் பொருந்திவிட்டது.

பெண் பார்க்க நிஷாந்தன் பஸ்ஸில் வந்தான். காரை விற்றுவிட்டானாம், பஸ் பிடிக்குமாம். மாப்பிள்ளைக்கு ஆடம்பரம் இல்லை என்று அதையும் நல்ல குணத்தில் சேர்த்தார் விஜயரத்தினம். ஜெர்மனியைப் பற்றி அவன் ஒரு கேள்வி மட்டும் கேட்டான். அங்கே குளிர் இதைவிடக் கூடவா என்று. கனகவல்லி அந்தக் கேள்விக்காகவே சரி என்றாள்.

இரண்டாயிரத்து ஐந்து தை மாதம் ஆர்ச்வே முருகன் கோயிலில் கல்யாணம். கழகத்துச் செயலாளர் பஸ்தியாம்பிள்ளை வேதக்காரர், கிறிஸ்தவர்; ஆனாலும் முன்வரிசையில் இருந்து, தாலி ஏறிய நிமிடத்திலிருந்து மாப்பிள்ளை நம்முடைய ஆள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் கழகக் கணக்கில்தான் சொன்னார்.

கோடை வந்தது. முதல் போட்டியில் நிஷாந்தன் இரண்டாவது பந்திலேயே போல்ட் ஆனான். பழக்கம் விட்டுப் போச்சு, வரும் என்றார்கள். அடுத்ததில் இரண்டு ஓட்டம். அதற்கடுத்ததில் பந்து ஒரு பக்கம் போக, மட்டை வேறு பக்கம் போனது. கார் நிறுத்தியவர்கள் யாரும் எழும்பவில்லை. அரையிறுதியிலும் பூச்சியம், புளியந்துறை தோற்றது.

தேத்தண்ணீர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் எல்லாரும் அதைப் பேசினார்கள். குடுத்தது கூடிப்போச்சு என்றார் ஒருவர். வயது போன ஆளுக்கு இவ்வளவு குடுத்திருக்கக் கூடாது, பாதியோடு முடித்திருக்கலாம் என்றார் இன்னொருவர். யார் யாரை யார் தலையில் கட்டினார்கள் என்று ஒரு சிரிப்பு எழுந்தது. மேசைக்குப் பின்னால் நிற்பவளின் சீதனத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற நினைவு ஒருவருக்கும் இல்லை. ரோல்ஸ் கேட்டுக் கையை நீட்டினார்கள். அவள் எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் இத்தனை வருடம் கழித்துத் தனக்கு ஒரு வாழ்க்கை தேடித் தந்தார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் தேடியது ஒரு கிண்ணத்தை என்று இப்போது தெரிந்தது. அது வலித்தது. அதைவிட வலித்தது இன்னொன்று. வீட்டுக்கும் வேலைக்கும் ஆசைப்பட்டுத்தான் இந்த மனுசனும் தன்னைக் கட்டினானா என்ற கேள்வி. ஆறு மாதமாக அவனோடு சந்தோஷமாக இருந்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் பொய்யென்றால் அவளுக்குப் போக இடமில்லை.

அடுத்த ஞாயிறு கழக நிர்வாகக் கூட்டம் செவன் கிங்ஸ் வீட்டில் நடந்தது. முன்பணம் கொடுத்தவர் என்ற உரிமையில் விஜயரத்தினம் கேட்காமலே அங்கே வைத்தார். நிஷாந்தன் காலை ஷிப்டில் இருந்தான். அவன் இல்லாத நேரம் பார்த்துத்தான் கூடினார்கள். கனகவல்லி தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே வந்தபோது அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். அணியை விட்டு எடுப்பது முடிவாகியிருந்தது. அதோடு நிற்காமல், மனேஜர் வேலைக்கும் வேறு ஆளைப் போட்டு, இவனைச் சாதாரண ஷிப்டுக்கு இறக்கலாம் என்றும், வீட்டுக்குக் கொடுத்ததில் ஒரு பகுதியை மெல்ல மெல்லத் திருப்பித் தரச் சொல்லலாம் என்றும் சொன்னார். பொருள் பழுதென்றால் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுப்பதில்லையா என்ற தோரணை. பஸ்தியாம்பிள்ளை தலையாட்டினார்.

கனகவல்லி தட்டை மேசையில் வைத்தாள். போகவில்லை.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. நீங்கள் குடுத்தது ஆருக்கு? எனக்கோ, மட்டைக்கோ?”

விஜயரத்தினம் சுற்றிப் பார்த்தார். ஐந்து பேர் இருந்தார்கள். மட்டைக்கு என்று சொன்னால் அடுத்த சனிக்கிழமைக்குள் அந்தக் கதை ஆர்ச்வே கோயில் வாசல்வரை போய்விடும். அவருக்கும் வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். தங்கச்சியைப் பந்தடிக்கு விற்ற வீடு என்று பெயர் வந்தால் அவ்வளவுதான்.

“உனக்குத்தான், தங்கச்சி. இதென்ன கேள்வி,” என்றார்.

“அப்ப சரி. எனக்குத் தந்ததைத் திருப்பிக் கேக்கமாட்டியள். அந்த வேலையும் எனக்குத் தந்ததுதான்.”

பஸ்தியாம்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் அதோடு முடிந்தது. ஒருவரும் தேத்தண்ணீரை முழுதாகக் குடிக்கவில்லை.

அந்தக் கோப்பைகள் மேசையில் இருக்கும்போதே நிஷாந்தன் வந்துவிட்டான். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்து, பந்தை ஏன் அடிக்க முடியவில்லை என்று கேட்டாள். கிரிக்கெட்டைப் பற்றி அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அவன் சோபாவில் இருந்து, இடது கண்ணைக் காட்டினான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பந்து எழும்பி அங்கே அடித்ததாம். அன்றைக்கு வீக்கம் மட்டும்தான். பிறகு மெல்ல மெல்லப் புகை படிந்த மாதிரி ஆகி, இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. ஒற்றைக் கண்ணால் பார்த்தால் பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பிடிபடாது. அதனால்தான் காரை விற்றது, அதனால்தான் அந்தக் கோடையில் எந்தப் பக்கமும் சேராமல் வீட்டில் இருந்தது. ஒப்பரேஷன் செய்தால் சரியாகலாமாம். செய்தால் கண் பழுதென்ற கதை வெளியே வந்துவிடும்.

“அப்ப கலியாணம் பேசேக்கையே தெரியும்?”

“ஓம்.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா உம்மைத் தந்திருப்பினமோ?” என்றான். “பெட்ரோல் ஷெட்டிலை ராத்திரி வேலை செய்யிற, ஒரு கண் தெரியாத ஆளுக்கு? மூண்டு வருசமாத் தேத்தண்ணி குடிக்க வந்தனான். நான் தேத்தண்ணி குடிக்கிறதில்லையெண்டு உமக்கு இப்ப தெரியும்தானே.”

அது உண்மை. இந்த வீட்டில் அவன் ஒரு நாளும் தேத்தண்ணீர் குடித்ததில்லை, கோப்பிதான். அவள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

“என்னையும் சேத்துத்தான் ஏமாத்தியிருக்கிறியள்,” என்றாள்.

அதற்கும் ஓம் என்றான். சாக்குச் சொல்லவில்லை.

கனகவல்லிக்குக் கோபம் வந்தது. குசினிக்குப் போய், கோப்பைகளைத் தேவைக்கு மேல் சத்தம் போட்டுக் கழுவினாள். கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அது மேலே வந்தது. இதுவரை அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவளில் குறை தேடினார்கள். இவன் ஒருவன்தான், தன் குறையை மறைத்தாவது அவளைக் கட்டவேண்டும் என்று நினைத்தவன். அண்ணன் பேரம் பேசியது ஒரு பேர்போன மட்டையோடு. அந்தப் பேரைக் காட்டி இவன் வாங்கிக்கொண்டது அவளை. அண்ணன் ஏமாந்துதான் போனார், சந்தேகமில்லை. அதற்காக அவள் கொஞ்சமும் வருந்தவில்லை. ஈரக்கையோடு நின்று சிரித்தாள்.

கார்த்திகை மாதம் ஒப்பரேஷன் நடந்தது. கண்ணில் ஏதோ சின்னப் பிரச்சினை என்று அண்ணனுக்குச் சொன்னார்கள். அவரும் விசாரிக்கவில்லை, கழகமே அந்தப் பெயரை மறக்க முயன்றுகொண்டிருந்தது. மனேஜர் வேலை மட்டும் இருந்தது. எடுக்கத்தான் அவருக்கு வழியில்லையே.

அடுத்த வருடம் சித்திரையில் பஸ்தியாம்பிள்ளை வலன்டைன்ஸ் பூங்காவில் உலாவப் போனார். சர்க்கரை வியாதிக்காரருக்கு வைத்தியர் சொன்ன நடை. அங்கே வேலைத்தல நண்பர்களோடு நிஷாந்தன் சும்மா பந்தடித்துக்கொண்டிருந்தான். பஸ்தியாம்பிள்ளை பார்க்கப் பார்க்க ஒரு பந்து மரங்களுக்கு மேலாகப் போய்க் குளத்தில் விழுந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்று. அவர் நடையைப் பாதியில் விட்டுவிட்டு விஜயரத்தினத்துக்கு போன் அடித்தார்.

அடுத்த நாளே விஜயரத்தினம் செவன் கிங்சுக்கு வந்தார். கையில் புதுச் சட்டை. கழகத்தின் பச்சை நிறம், முதுகில் நிஷாந்தனின் பெயர். மச்சானைப் பற்றி ஆரார் என்ன சொன்னாலும் தான் ஒருபோதும் நம்பிக்கை இழக்கவில்லை என்றார். கனகவல்லி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நிஷாந்தன் மனைவியைப் பார்த்தான். இந்த வீட்டில் மட்டை விஷயம் இப்போது அவளுடைய கையில் இருந்தது.

“விளையாடுறதிலை பிரச்சினை இல்லை, அண்ணை,” என்றாள் அவள். “போனமுறை தந்தது முழுக்க எனக்கெண்டு நீங்களே எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள். இப்ப மட்டைக்கு என்ன தாறியள்?”

விஜயரத்தினம் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கோப்பையை எடுத்துக் குடித்தார். சீனி மிகவும் கூடியிருந்தது. ஆனாலும் முழுதாகக் குடித்தார்.