பெரட்டுப் பாட்டு நிற்கிற இடம்

என் பணப்பையில், அடையாள அட்டைக்குப் பின்னால், செம்பருத்திப் பூவின் அரை இதழ் ஒன்று இருக்கிறது. நிஜப் பூ அல்ல. காசு தீர்ந்துபோன டெலிபோன் கார்டு ஒன்றை என் மச்சான் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டி, முனையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, கித்தார் மீட்டுவதற்குச் செய்துகொண்ட வில்லை அது. கார்டில் அச்சாகியிருந்த பூவில் அவ்வளவுதான் மிஞ்சியது. கடையில் விற்கிறதே, வாங்கிக்கொள்ளலாமே என்றால், "கடையில வாங்குனது கடைச் சத்தம்தான் கொடுக்கும்" என்பான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது தெரிந்தவன்போல் தலையை ஆட்டினேன். தெரிந்தவன்போல் தலையாட்டுவது ராக் ரசிகனுக்கு அடிப்படைத் தகுதி.

மச்சான் என் அத்தை மகன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலாக்காவில் சிம்பாங் அம்பாட்டுக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்தில், மூடிக்கிடந்த ஆயாக்கொட்டகைதான் எங்கள் ஒத்திகைக் கூடம். பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடமாக இருந்தது. தொட்டில் கட்டிய கொக்கிகள் உத்தரத்தில் அப்படியே தொங்கின. மச்சான் கித்தார், பாட்டு இரண்டும். நான் பேஸ் கித்தார். நாலே கம்பி என்பதால் பயம் குறைவாக இருக்கும் என்று நம்பி எடுத்துக்கொண்டது. டிரம் வாசித்தவன் அலோர் காஜாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். ஞாயிறு காலையில் கர்த்தருக்கு வாசிப்பான், மாலையில் எங்களுக்கு. இரண்டிலும் ஒரே அடிதான், வேகம் மட்டும்தான் வேறு என்பது மச்சானின் கண்டுபிடிப்பு. கொட்டகைக்கு நேர் எதிர்வீடு அத்தையுடையது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியும் சத்தம் அடங்கவில்லை. "இந்தப் பாழாப்போற கத்தலுக்குப் புள்ளைங்க அழுததே தேவலாம் போலிருக்கு மருமகனே" என்று என்னிடம் அத்தை முறையிடாத நாளில்லை.

வாசித்ததைவிட நாங்கள் வாதாடியது அதிகம். சிம்பாங் அம்பாட் முச்சந்திக் கடையில் ஆளுக்கொரு குவளை தே தாரேக் தேத்தண்ணியோடு உட்கார்ந்தால், எது உண்மையான இசை, எவன் விலை போனவன் என்று உலகத்துக்கே தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்போம். டிரம்காரனுக்கு ராக் என்றால் ஆங்கிலம்தான். மலாய் ராக்கைப் பாதி மனத்தோடு ஒத்துக்கொள்வான். தமிழில் ராக் என்றால் சிரிப்பான்.

"தமிழ்ல கத்துனா தண்ணிக்குழாய்ச் சண்டை மாதிரி இருக்குடா."

"இங்கிலீஷ்ல கத்துனாலும் அதே சண்டைதான். உனக்கு அர்த்தம் புரியல, அதனால அழகா இருக்கு" என்பான் மச்சான். "பனி பெய்யுதுன்னு பாடறியே, நீ பனிய எங்கடா பார்த்தே? ஐஸ் கச்சாங் கிண்ணத்துலதானே?"

நான் இருவரையும் மாறிமாறி ஆமோதிப்பேன். எனக்கென்று கொள்கை இருந்ததில்லை.

மச்சான் பனியைப் பாடவில்லை. பெரட்டைப் பாடினான். விடியுமுன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. "பெரட்டு மணி அடிச்சிருச்சு, எந்திரிக்காத ஆளு யாரு" என்று தொடங்கும். அந்த ஒரு பாட்டை மக்கள் முன்னால், முழுதாக, ஒரே ஒருமுறை பாடிவிட வேண்டும். அதற்குப் பிறகு வேண்டுமானால் தலைமுடியை வெட்டிக்கொள்கிறேன் என்று அத்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நல்ல ஸ்டூடியோ கிடைக்கும்வரை பதிவு செய்யவும் மாட்டான். ஒத்திகையிலோ பாட்டு முடிவுக்குப் போனதே கிடையாது. "எந்திரிக்காத ஆளு யாரு"வுக்கு அடுத்த வரியில் பேஸ் இறங்கி ஏற வேண்டும். இறங்குவேன்; ஏற மாட்டேன். மச்சான் பட்டென்று நிறுத்துவான். "டேய் மச்சான், எங்கடா போனே? முதல்லேருந்து லா!" தோட்டம் முழுவதும் கேட்கும்.

மலாக்கா நகரில் ஒரு போட்டிக்குப் போனோம். விதிப்படி முதலில் மலாய்ப் பாட்டு. தேறினால்தான் சொந்தப் பாட்டு. மேடை ஏறியதும் என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வியர்க்க வியர்க்க வாசித்து முடித்துக் கீழே பார்த்தால், ஒயரை நான் செருகவே இல்லை. பேஸ் வாசிப்பில் நல்ல அடக்கம் தெரிகிறது என்று நடுவர் தனியாகப் பாராட்டினார். நாங்கள் தேறவில்லை. திரும்பும் பஸ்ஸில் மச்சான் சிம்பாங் அம்பாட் வரைக்கும் சிரித்தான். "உன் வாழ்க்கையிலேயே தப்பில்லாம வாசிச்சது இன்னிக்குத்தான்டா."

அப்புறம் தெங்கேராவிலிருந்த கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் அவனைக் கூப்பிட்டார்கள். சினிமாப் பாட்டு. அவன் போனான். முச்சந்திக் கடை அன்று நீதிமன்றமானது. "விலை போயிட்டான்" என்று டிரம்காரன் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்தான். மச்சான் நிதானமாகச் சொன்னான்: "வயித்துக்குச் சினிமா, தொண்டைக்குப் பெரட்டு. எந்தக் கூட்டமாவது ஒருநாள் அசந்து இருக்கும்ல, அப்பப் பாடிருவேன்."

அவன் தேர்ந்தெடுத்த கூட்டம் என் கல்யாண விருந்து. அலோர் காஜா மண்டபம், கோட்டு, அதன்மேல் மாலை, முகத்தில் பவுடர். நான் மாப்பிள்ளையாகவும் இல்லை, மனுசனாகவும் இல்லை. இரண்டு டூயட் முடிந்ததும் மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத் தொடங்கினான். முதல் வரி மண்டபத்தைத் தாண்டிப் போயிருக்கும். கோழிக் குழம்பை மறந்து எல்லோரும் திரும்பினார்கள். இரண்டாவது வரி. பெரியமாமா மேடையேறி மைக்கைக் கையால் மூடினார். "இது என்னப்பா, கல்யாணப் பாட்டா சாவுப் பாட்டா?" நான் அவனுக்காகத் துள்ளி எழுந்தேன், மாலை நாற்காலியில் சிக்கியதால் நாற்காலியும் என்னோடு எழுந்தது. மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மச்சான் அடுத்த சினிமாப் பாட்டுக்குப் போய்விட்டான். சிரித்தபடிதான் வாசித்தான். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பார்க்கப் போனேன். தொண்டை கட்டிப்போய்க் கரகரத்த குரலில், "இப்பத்தான்டா குரல் ராக்குக்குச் சரியா வருது. கெடுத்திராம வச்சுக்கணும்" என்றான். நானும் சிரித்தேன். டிங்கிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது ரொம்பப் பிந்திவிட்டது. வெட்டாத முடியோடுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

வாசலில் தப்புக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரையின் கீழ் நானும் டிரம்காரனும் அன்றைக்கும் வாதாடினோம், அழுதுகொண்டே. மச்சானுக்குப் பிடித்த ஆங்கிலப் பாட்டைப் போடலாம் என்றான் டிரம்காரன். பெரட்டுதான் பாட வேண்டும் என்றேன் நான். யார் பாடுவது? மச்சானின் கித்தாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இந்த வில்லை விரலிடுக்கில் இருந்தது. கம்பிவரை கொண்டுபோய்த் தொடாமலே திரும்ப எடுத்துக்கொண்டேன். இம்முறை செருக மறந்த ஒயர்கூட இல்லை, சாக்குச் சொல்ல.

அப்போதுதான் பெண்கள் நடுவிலிருந்து அத்தையின் குரல் எழுந்தது. "பெரட்டு மணி அடிச்சிருச்சு..." ஒப்பாரி என்றே எல்லோரும் நினைத்தார்கள். மெட்டு மாறவில்லை, மச்சான் நெஞ்சைக் கிழித்துப் பாடிய அதே மெட்டு, மெதுவாக. "எந்திரிக்காத ஆளு யாரு... எந்திரிக்காத ஆளு யாரு ஐயா..." டிரம்காரன் தப்புக்காரர் ஒருவரிடம் குச்சிகளைக் கையேந்தி வாங்கினான். தமிழைப் பார்த்துச் சிரித்தவன் அந்த அடியைத் தொடங்கினான். தப்புக்காரர்கள் ஒரு சுற்றிலேயே பிடித்துக்கொண்டார்கள். பெரியமாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த வரி வந்தது. அத்தை பாதியில் நிறுத்தினாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள். மூன்றாம் முறைதான் எனக்கு உறைத்தது. சுவருக்கு அந்தப்பக்கம் இத்தனை வருசம் அத்தை கேட்ட பாட்டு அவ்வளவுதான். நான் பிசகிய இடத்தோடு பாட்டு முடிந்துவிடும். மகன் பாடியதை ஓர் எழுத்து விடாமல் அவள் மனப்பாடம் செய்திருந்தாள். என் தப்பையும் சேர்த்து. உலகத்தில் ஒரு பேஸ்காரனின் பிழைக்கு இவ்வளவு பெரிய மரியாதை கிடைத்ததில்லை. அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டியவன் பாயில் கிடந்தான்.

இப்போது என் மகன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, ராக் எல்லாம் கிழவர்கள் சமாச்சாரம், தமிழ் ராப்தான் உண்மை என்கிறான். அவன் நண்பர்கள் எதிர்வாதம் செய்கிறார்கள். தலையை ஆட்டுகிறேன். தமிழில் கத்தினால் இப்போது யாரும் சிரிப்பதில்லை. கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டான் மச்சான், அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு, தோட்டத்தை விட்டு வந்துவிட்ட அத்தையைப் பார்க்க அவளுடைய அலோர் காஜா வீட்டுக்குப் போனபோது என் மகனின் கித்தாரையும் கொண்டுபோனேன். பல மாதம் கதவைச் சாத்திக்கொண்டு பழகியிருந்தேன். வீட்டில் எனக்கு என்னவோ வியாதி என்று நினைத்தார்கள். பணப்பையிலிருந்து அரைச் செம்பருத்தியை எடுத்து வாசித்தேன். அத்தை முறுக்குத் தட்டை ஓரம் வைத்துவிட்டுப் பாடினாள். குரல் தேய்ந்திருந்தது, மெட்டு தேயவில்லை. அந்த இடம் வந்தது. இறங்கினேன்; முதல்முறையாக, ஒரு சுருதிகூடப் பிசகாமல் ஏறினேன்.

அத்தை நின்றுவிட்டாள். பார்வை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. எதையோ கேட்பதற்காகக் காத்திருப்பவள்போல் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டாள். நானும் கையை நிறுத்தினேன். இருவரும் காத்திருந்தோம். முதலிலிருந்து தொடங்கச் சொல்லி யாரும் கத்தவில்லை.