சிப்பிக் கிட்டங்கியில் இருந்த பள்ளிக்கூடம்

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஏரலில் பஸ் ஏறினேன். தூத்துக்குடிக்கு டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். மூத்த மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பிறந்த தேதிக்குச் சான்று காட்ட வேண்டும். வீட்டில் வைத்திருந்த சான்றிதழைக் கறையான் தின்றுவிட்டது. அவள் சித்தி வீட்டில் தங்கி ஐந்தாம் வகுப்புவரை படித்தது தூத்துக்குடியில். அதனால்தான் இந்தப் பயணம்.

கண்டக்டரிடம் பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டேன்.

“கடக்கரை பழைய பள்ளிக்கூடமா? போன மழையில ஓடெல்லாம் சரிஞ்சிட்டுல்லா. அங்கன என்ன இருக்குன்னு போறீய அண்ணாச்சி?” என்றார்.

பழையகாயல் தாண்டி இருபுறமும் உப்பளம் வெள்ளையாகக் கிடந்தது. எதையும் பார்க்கத் தோன்றவில்லை. செந்திலாண்டவனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு இறங்கினேன். பிள்ளைகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே போய்க் காத்திருந்தேன். பத்து மணிக்கு வந்த கிளார்க், “பழைய ரிஜிஸ்டர் பழைய கட்டடத்து பீரோவுலதான் இருக்கு. முழங்கால் தண்ணி நின்னுச்சாம். எழுத்து அழிஞ்சிருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது” என்று சொல்லி, சாவியோடு ஆயாவை என்னுடன் அனுப்பினார். ஆயா பெயர் அந்தோணியம்மாள்.

கடல் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், ஒரு முழத்துக்குமேல் அகலம். உள்ளே கால் வைத்ததும் தடுமாறினேன்.

“குடிச்சவன் மாதிரி ஆடுதீயளே, மெல்ல வாங்க” என்று சிரித்தாள்.

“தரை சாஞ்சு கெடக்கே. சரியாப் போடலியோ?”

“சரியாத்தான் போட்டிருக்கு. முன்னால இது சிப்பி கொட்டி வைக்கிற கிட்டங்கி. சிப்பிய அழுக வச்சு, கழுவித்தான் முத்து எடுப்பாவ. கழுவுன தண்ணி கெழக்க ஓடி வெளிய போவணும்லா. பொறவு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தாவ. தண்ணி போற வழிய அடைச்சாவ, தரைய யாரும் மட்டம் பண்ணல. பிள்ளைக பென்சில் விழுந்தா கெழக்கு மூலையிலதான் பொறுக்கணும்.”

என் மகளும் இதையே சொல்லியிருக்கிறாள். பென்சிலைத் தொலைத்துவிட்டுச் சாக்குச் சொல்கிறாள் என்று அன்று வைதேன்.

கிழக்குச் சுவரில் தண்ணீர் நின்ற கறை முழங்கால் உயரம் இருந்தது. மேற்கே வரவரத் தரை ஏறியது, கறை இறங்கியது. பீரோ மேற்குச் சுவரோரம் நின்றது. அதன் காலுக்கு நான்கடி முன்னாலேயே கறை முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் கூரை ஓடும் சரியவில்லை.

ரிஜிஸ்டரில் அவள் பெயர், என் பெயர், தேதி எல்லாம் நேற்று எழுதியதுபோல் இருந்தன. அந்தப் பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

“கண்ணத் தொடைச்சுட்டு ஒத்துங்க அண்ணாச்சி. மழைக்குத் தப்புனத நீங்க நனைச்சிராதீய.”

கிளார்க் அரை மணி நேரத்தில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். ஒரு மணி பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் ஊரில் வயலில் நாலு விரல் மேடு இருந்தாலும் பொறுக்க மாட்டோம். மரமடித்து மட்டம் செய்த பிறகுதான் நடவு. முத்துக்காக யாரோ சாய்த்துப் போட்ட தரையில் என் பிள்ளையின் பிறந்த தேதியைக் கடவுள் காத்து வைத்திருந்தார். அவர் கணக்கு நமக்கு எங்கே தெரிகிறது.

மகள் தாளை வாங்கினாள். அதைப் பிரிக்கும் முன், “பள்ளிக்கூடம் இன்னும் நிக்காப்பா?” என்று கேட்டாள்.

“நிக்கு தாயி. நீ சொன்ன மாதிரியே சாஞ்சுதான் இருக்கு” என்றேன்.