சுவர்ப் பக்கத்து வளையல் சத்தம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பேய், காற்று என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள்தான் இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். லீவுக்கு வந்த பேத்தி நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள், நடுநடுவே ஒரு மாதிரி சிரித்துக்கொள்கிறாள். சிரிக்கட்டும்.

புத்தூர் சந்தையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து போட்டிருந்தார்கள். கூட இருக்க ஆளில்லை. ஒருவனுக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனியில் ஷிப்ட், மற்றவர்கள் சென்னையில். பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டால் "நாளைக்கு வராங்க" என்பேன். தினமும் அதையேதான் சொன்னேன்.

என்னைத் தொட்டதெல்லாம் நர்ஸுக்குப் படிக்கிற பெண்கள்தான். முகம் துடைத்து, தலை வாரி, வேளைக்கு வேளை புரட்டிப் படுக்கவைப்பார்கள். ஒருத்தி முன்னால் இழுக்க, ஒருத்தி முதுகைத் தாங்க வேண்டும். தனியாளாகப் புரட்டக் கூடாது, கையில் வளையல் கூடாது, இரண்டும் அவர்களுக்குப் பாடம் சொல்லித்தருகிற மேடம் போட்ட சட்டம். அதில் பத்மா என்கிறவள் நகரி ஊர்ப் பக்கத்துப் பெண், என்னோடு தமிழ் பேசுவாள்.

ஒரு நாள் புதிதாக ஒரு கட்டில் போட வேண்டும் என்று என் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டார்கள். அன்று மத்தியானம், பார்க்க வருகிற ஜனங்களை உள்ளே விடுகிற நேரத்தில், என் படுக்கை நனைந்துவிட்டது. சொல்லவே நாக்கு கூசுகிறது. மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், பத்மா மட்டும் இருந்தாள்.

"இரு ஆயா, இன்னொருத்திய இட்டுகினு வரேன்."

"வேணாண்டி, ஜனங்க வந்துகினு கீறாங்க. இந்தக் கோலத்துல என்னை யாரும் பாக்கக் கூடாது. நீயே பண்ணு."

"மேடம் பாத்தா என்னை ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க ஆயா."

"உங்க மேடத்துகிட்ட நா பேசிக்கிறேன்."

திரையை இழுத்துவிட்டு, என் தோளையும் தொடையையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். ஒல்லிப் பெண், பாதியில் விட்டுவிடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் என் முதுகைத் தாங்கின. கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. ஈரத் துணியை உருவி வேறு விரிக்கும்வரை அந்தக் கைகள் விடவில்லை. வலியே தெரியவில்லை.

"இன்னா ஆயா, இன்னிக்கிப் பஞ்சு மாரி கீற?"

"பின்னாடி தாங்கினாளே, அவளக் கேளு."

அவள் சிரித்தாள், நான் ஏதோ உளறுகிறேன் என்று.

உடனே மேடம் வந்துவிட்டார். புதுத் துணியைப் பார்த்தார், பத்மாவைப் பார்த்தார். அவள் முகம் செத்துப்போனது. என்னிடம் தெலுங்கில், "அவ்வா, பில்லலு பாக சூஸ்துன்னாரா?" என்றார், பெண்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று. பெற்ற பிள்ளைகளைவிட நன்றாக, என்றேன். அந்தச் சொல் அதுவரை என் வாயில் வந்ததில்லை. இவள் ஒருத்தியேவா புரட்டினாள் என்று கேட்டார்.

"இத்தரு" என்றேன். இரண்டு பேர்.

அவர் போனதும் பத்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கோசரம் பொய் சொன்னியா ஆயா?"

"நா எங்கடி பொய் சொன்னேன்?"

ஒருக்களித்தே கிடந்த என் முதுகுக்குப் பவுடர் போட எட்டித் துணியை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். முதுகில் வளையல் அழுந்திய தடம், வரிவரியாகச் சிவந்து கிடந்ததாம். தன் வெறும் கைகளை என் முன்னால் நீட்டினாள். பிறகு இருவரும் சுவரைப் பார்த்தோம். கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை.

இப்போது வீட்டில் நானேதான் புரண்டு படுக்கிறேன். புரளும்போது கொஞ்சம் நிறுத்திக் காது கொடுக்கிறேன். பயத்தால் அல்ல, இன்னும் வரவில்லையே என்று. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

எங்க, எழுதினதப் படி பாக்கலாம் கண்ணு. ரெண்டு பேருன்னு சொன்னேனே, அத ஒருத்தின்னு மாத்தி எழுதலியே?