மகளை இறக்கிவிட்ட நாள்

என் மகள் பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. கேட்டால் பள்ளிக்கூடத்து அதிபர் "வருவாங்க, வருவாங்க" என்பார். கணக்கில் சித்தியடையாவிட்டால் உயர்தரம் படிக்க முடியாது. பிறகு அவளும் என்னோடு மலைக்குத் தேயிலைக் கொழுந்து கிள்ளத்தான் வர வேண்டும். அது கேவலமான வேலை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் என்னோடு அது போதும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் போனில் நடக்கும் இலவச வகுப்பு ஒன்று கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சர் சாயங்காலங்களில் படிப்பித்தார். ஹாலிஎலப் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி இருக்கிற அந்த வீட்டு வரிசையில், படம் நிற்காமல் ஓடுகிற போன் எங்களிடம்தான் இருந்தது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் வாங்கி அனுப்பியது. ஆகவே வகுப்பில் பதிந்தது என் மகளின் பேர். போன் முன்னால் உட்கார்ந்தது அவளும் லயத்துப் பிள்ளைகள் நாலு பேரும். லயத்தில் கதவை மூடிக்கொண்டு படிப்பதெல்லாம் நடக்கிற காரியமா? மூடினால்தான், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க நாலு பேர் கூடுதலாக வருவார்கள்.

கொஞ்ச நாளில் டீச்சர் போனிலேயே ஒரு பரீட்சை வைத்தார். "ஒரு பேர்தானே இருக்கு, நாங்க எப்பிடி எழுதுறது?" என்று பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்டார்கள். எனக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. மலையில் என் நாத்தனார் கூட நின்று கிள்ளிக் கொடுத்தால், சாயங்காலம் நிறுக்கும்போது அந்தக் கொழுந்தும் என் பேரில்தான் விழும். யார் கை கிள்ளியது என்று தராசு கேட்குமா?

"அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதச் சேத்துப் போடுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

ஒருத்திக்குப் பின்னம் வரும், இன்னொருத்திக்கு வட்டமும் கோணமும் வரும். ஐந்து தலையும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? வகுப்பிலேயே கூடிய புள்ளி என் மகளின் பேரில் வந்தது. டீச்சர் உடனே அவளைக் கெட்டிக்காரப் பிள்ளைகளின் மேல் வகுப்பில் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் கடை முழுக்கச் சொல்லி முடித்தார். நான் மட்டும் என்ன, பதுளை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

மேல் வகுப்பு ஓடிய ஓட்டத்தில் நாலு பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். என் மகள் தனியாக உட்கார்ந்து, மைக்கை மூடி வைத்துக்கொண்டு, திரையில் தெரிவதை அப்படியே கொப்பியில் எழுதினாள். முகத்தில் களையே இல்லை. சாப்பாடும் இறங்கவில்லை. ஒருநாள், "அம்மா, பேசாம நானும் உங்ககூடப் பெரட்டுக்கு வந்துறட்டுமா?" என்று கேட்டாள். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம்.

"போனக் குடு, நானே டீச்சர்கிட்ட உண்மையச் சொல்றேன்" என்றேன்.

"வேணாம்மா! ஏமாத்திட்டோம்னு வகுப்ப விட்டே எடுத்துருவாங்க. இருக்கிறதும் போயிரும்."

அவள் சொன்னதும் சரிதான். யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல் பாத்திரங்களைத்தான் போட்டு உடைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, வகுப்பு நடுவில் டீச்சர் அவள் பேரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டார். நான் அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மகள் மைக்கைத் திறந்தாள். பக்கத்து வீட்டுக் காம்பராவின் ரேடியோச் சத்தமும் சேர்ந்து போயிருக்கும்.

"மிஸ், எனக்கு விளங்கல. இந்த வகுப்புக்கு வந்ததிலேருந்தே விளங்கல. அந்தப் புள்ளி என்னோடது மட்டும் இல்ல மிஸ். அஞ்சு பேர் சேந்து போட்டது."

மாவுக் கையோடு நின்றுவிட்டேன். சிக்னல் போயிருக்கட்டும், அவருக்குக் கேட்டிருக்கக் கூடாது என்று எல்லாச் சாமியையும் வேண்டினேன்.

"அஞ்சு பேரோ? ஒரு போனிலயோ?" என்றார் டீச்சர்.

"ஆமா மிஸ்."

அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "விளங்கேல்லை எண்டு சொல்ல இந்த வகுப்பில ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. நீராவது சொன்னீரே, பிள்ளை. நாளைக்குப் பழைய வகுப்புக்கு வாரும். அந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வாரும். சோதினையை மட்டும் தனித்தனியா எழுத வேணும், சரியோ?"

அப்பாடா! எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு அடுப்படிக்கு வந்து, சுட்டு வைத்திருந்த முதல் ரொட்டியை எடுத்து, சம்பல்கூடத் தொடாமல் நின்றபடியே தின்றாள். நான் கையைக் கழுவிவிட்டு, லயத்துக் கோடியில் இருக்கிற அம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினேன். வகுப்பிலிருந்து கழன்ற நாலு பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா அங்கே நின்றாள்.

"என்னக்கா, மக இன்னும் மேல போயிருச்சா?"

"இல்லடி, கீழ இறக்கிவிட்டுட்டாங்க!" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்கு ஒன் மகளையும் அனுப்பு" என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.