மானா மலையில் தீ

மூன்று வருடமாக அந்தச் சரிவில் தீ விழாமல் காத்து வந்தவள் கலாராணி. இந்த ஆடியில் அதுவே அவளுக்குக் குற்றமாகிவிட்டது.

தெமோதரை ஸ்டேஷனிலிருந்து ஏறிப்போகும் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கில், மேல்பிரிவில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அவளுடைய லயம். லயத்தின் முதுகுக்கு நேர் மேலே எழும்பி நிற்கிறது அந்தச் சரிவு. முன்பு தேயிலை இருந்த மலை. தோட்டம் கைவிட்டதும் மானாப்புல் ஏறி ஆள் உயரத்துக்கு மண்டிவிட்டது. முற்றிய மானாவை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. கொளுத்திவிட்டால் சாம்பலுக்குள்ளிருந்து இளங்குருத்து கிளம்பும்; அதை ஆசையாக மேயும். அதனால் ஆடி பிறந்ததும் மாட்டுக்காரர்கள் நெருப்பு வைத்துவிடுவார்கள். கலாராணியின் புருஷனே, கொழும்பில் கடை வேலைக்குப் போவதற்கு முன், அப்படித்தான் செய்துகொண்டிருந்தான்.

அது தப்பென்று அவளுக்குத் தெரிந்தது ஓர் ஐப்பசி மழையில். எரிந்து மொட்டையாய்க் கிடந்த சரிவிலிருந்து சேறு இறங்கி, மழைத்தண்ணி ஓடும் கானை மூடி, அவளுடைய மாட்டுப்பட்டிக்குள் புகுந்தது. பசுக்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு தப்பின. கன்றுக்குட்டி சேற்றுக்குள் போய்விட்டது. கையால் சேற்றை வாரி வாரி எறிந்தபோது முதலில் வெளிப்பட்டது அதன் காது. கொஸ்லந்தப் பக்கம் மலை சரிந்து லயங்களை மூடியதை மறக்காத லயத்துச் சனம் அன்று முழுக்கக் கோவிலுக்குள் போய் ஒண்டியிருந்தது. மழை விட்டதும் அவரவர் வீட்டுக் காம்பராவுக்குத் திரும்பிவிட்டார்கள். கலாராணிக்கு மட்டும் அந்தக் காது கண்ணை விட்டுப் போகவில்லை.

பதுளையிலிருந்து மாடு பார்க்க வரும் கால்நடை உத்தியோகத்தர் ஸிஹாமாவிடம் அவள் கேட்டாள்.

“தீ வைக்காம மாடு வளர்க்கவே முடியாதா மிஸ்?”

“முடியும் அக்கா. ஆனா அவுத்து விட்டுட்டு சும்மா இருக்க முடியாது. உடம்பு நோகும்.”

நொந்தது. காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நாள் முழுக்கக் கொழுந்து எடுத்து, மாலையில் கூடையை இறக்கியதும் கவ்வாத்துக் கத்தியோடு சரிவில் ஏறினாள். மானாவை வெட்டிப் பட்டியில் மாட்டுக்குப் படுக்கையாகப் பரப்பினாள். சாணியும் மூத்திரமும் ஊறி அது மக்கியதும் திரும்பச் சுமந்துபோய் மேலே கொட்டினாள். அங்கே மாட்டுத்தீனிக்குக் கினிப்புல் நட்டாள். சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கிளிசீரியா மரக்கிளைகளை வெட்டிப் போத்தாக ஊன்றினாள். தானாக முளைத்த நெல்லிக்கன்றையும் தான்றிக்கன்றையும் மாடு கடிக்காமல் முள் கட்டி விட்டாள். இடத்தைக் கயிற்றால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் மாடு மேயும்போது மற்றதை ஆறப்போட்டாள்.

“பூச்சி மருந்தையும் கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்காதீங்க” என்றாள் ஸிஹாமா. “சில மருந்து சாணியோட வெளிய வந்து சாணி வண்டையும் கொன்னுடும். பூச்சி இருக்கான்னு சோதிச்சிட்டுக் குடுப்போம்.”

இரண்டாம் வருடம் வண்டுகள் வந்தன. நாள்கணக்கில் வரட்டியாய்க் காய்ந்து கிடந்த சாணி இப்போது மண்ணுக்குள் போய்விட்டது. மண்வெட்டி போட்டால் கறுத்த மண்ணும் புழுவும் புரண்டன. இதுவரை பார்க்காத குருவிகள் கிளிசீரியாவில் வந்து உட்கார்ந்தன.

ஆனால் இதெல்லாம் சரிவின் கீழ்ப்பாதியில்தான். மேல்பாதிக்கு அவள் கை எட்டவில்லை. மூன்று வருடமாக எரியாத மானா அங்கே அடர்ந்து, காய்ந்து, காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தது. இந்த வருடம் சித்திரைக்குப் பிறகு மழையே இல்லை. ஆடிக்காற்று மலைமுகட்டிலிருந்து லயத்தைப் பார்த்து இறங்கி வீசியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். தோட்டத்துத் தலைவர் முருகையா நேராக விஷயத்துக்கு வந்தார்.

“கலாராணி, நீ நல்லதுக்குத்தாம்மா செஞ்ச. ஆனா இப்ப எங்க தலைக்கு மேல வெடிமருந்து மாதிரி நிக்குது. எவனாவது ஒரு பீடித்துண்டைப் போட்டா லயமே போயிடும். நாமளே பார்த்துக் கொளுத்திடுறதுதான் நல்லது.”

“ஆமாங்க” என்று எழுந்தான் தயாபரன். கலாராணியின் புருஷனுக்குத் தம்பி. அவனிடம் ஏழெட்டு மாடு. விலா எலும்பு தெரிய நின்றன. “அண்ணி, கோவிச்சுக்காதீங்க. என் செவலைப் பசு சினையா இருக்கு. குருத்து இல்லாம அது செத்தா யாரு பதில் சொல்றது?”

கலாராணி எழுந்தாள். அவர்கள் பயப்படுவது பொய்யில்லை. அந்தப் பயத்துக்குக் காரணமே அவள் காப்பாற்றிய புல்தான்.

“இந்தக் காத்துல வச்சா உங்களால அணைக்க முடியுமா தலைவரே?” என்று கேட்டாள். “எரிஞ்ச மலை ஐப்பசியில எறங்கினா அதையாவது நிறுத்த முடியுமா? எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் குடுங்க. நடுச்சரிவுல மானாவை வெட்டி எடுத்திடுறேன். அதுக்குக் கீழ நான் காயும் காலத்துக்குன்னு வச்சிருக்கற கினிப்புல்லு இருக்கு. தம்பி மாடுங்களைக் கொண்டாந்து கட்டட்டும். ஒட்ட மேஞ்சிடும். மேலேருந்து தீ வந்தாலும் பத்திக்க ஒண்ணும் இருக்காது.”

“உங்க மாட்டுக்கு?” என்றான் தயாபரன்.

“பார்த்துக்கறேன்.”

அவன் முகம் சுண்டியது. அண்ணியின் புல்லை ஊரறிய வாங்குவது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். முளை அடித்துக் கட்டிவிட்டுப் போனான். செவலையை மட்டும் காணவில்லை. கலாராணியும் கேட்கவில்லை.

அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வெட்டினாள். மானாவின் விளிம்பு கையைக் கீறியது. வெட்டியதைக் கட்டாகக் கட்டிக் கீழே உருட்டினாள். லயத்திலிருந்து இரண்டொரு பெண்கள் வந்து உதவினார்கள். மற்றவர்கள் வாசலில் நின்று மேலே பார்த்தார்கள். மாடுகள் நாக்கைச் சுழற்றி கினிப்புல்லை அடியோடு கடித்து முன்னேறின. வெட்டிய இடமும் மேய்ந்த இடமுமாகச் சரிவின் இடுப்பில் ஒரு வெளிறிய பட்டை தெரிய ஆரம்பித்தது. ஆனால் ஓடைப் பக்கம் பாறை இடுக்குகளில் மானா இன்னும் நின்றது. அங்கே மாடு நிற்காது. கத்தியும் சரியாகப் படாது.

வியாழக்கிழமை மத்தியானம், வெட்டிய மானாக் கட்டின் மேல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது காற்றில் வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முகட்டுக்குப் பின்னால் பழுப்புப் புகை. அந்தப் புகைக்கு முன்னால், மானாவுக்குள், ஒரு ஆள் தலை. தயாபரன்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. “டேய் பாவி! வச்சிட்டியாடா!” என்று மலையே அதிரக் கத்தினாள். கீழே லயத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மேலேதான் ஓடினான், புகையை நோக்கி. அப்போதுதான் அவளுக்கு மாட்டின் கதறல் கேட்டது. முகட்டுப் பாறைக்கு அடியில், ஈரம் கசிகிற இடத்தில் எப்போதும் கொஞ்சம் பச்சை இருக்கும். செவலையை அவன் அங்கே கட்டியிருந்தான்.

தீ முகட்டைத் தாண்டியது. காய்ந்த மானா வெடிவெடியாய் வெடித்தது. கலாராணி பட்டையில் கட்டியிருந்த மாடுகளின் கயிறுகளைக் கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டிவிட்டாள். அவை லயத்தைப் பார்த்து இறங்கி ஓடின. கீழே இருந்து முருகையாவும் ஆட்களும் ஈரச்சாக்கோடு ஏறிவந்தார்கள்.

“ஓடைப் பக்கம்! ஓடைப் பக்கம் வெட்டலை, அங்க போங்க!”

பச்சைத்தழையை முறித்துக்கொண்டு அவளும் ஓடினாள். புகையில் பக்கத்தில் இருந்தவர் முகம் தெரியவில்லை, இருமல்தான் கேட்டது. பட்டையின் நடுப்பகுதிக்கு வந்த தீ ஒரு நிமிடம் உயர்ந்து நின்று, கடிக்க எதுவும் கிடைக்காமல் படுத்தது. ஓடைப் பக்கம் படுக்கவில்லை. பாறை இடுக்கில் பிடித்துக் கிடுகிடுவென்று கீழே இறங்கியது. முதல் கிளிசீரியா வரிசையின் இலைகள் சுருண்டன. அடியில் முள் கட்டி வளர்த்த நெல்லிக்கன்றுகள் அவள் கண் முன்னால் தீக்குச்சி மாதிரி எரிந்தன. அவள் அழவில்லை, அடித்தாள். அடுத்த வரிசையைத் தாண்டினால் லயத்தின் தகரக்கூரை. அங்கே யாரோ பிள்ளைகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

புகைக்குள்ளிருந்து செவலை வந்தது. பின்னாலேயே தயாபரன், மயிர் கருகி, அறுந்த கயிறு கையில். மாட்டைக் கீழே விரட்டிவிட்டு, கலாராணியின் பக்கத்தில் வந்து நின்று, அவள் கையிலிருந்த தழையைப் பிடுங்கி அடித்தான். பச்சைப் புல்லும் ஈரமண்ணும் கலந்த இடத்தில் தீ தயங்கியது. அந்தத் தயக்கத்துக்குள் அவர்கள் அதை மிதித்து, அடித்து, மண்ணள்ளிப் போட்டு அணைத்தார்கள். காற்றில் வந்த அனலில் கடைசிக் காம்பராவின் பின்சுவர் தொட்டால் சுட்டது. அவ்வளவுதான்.

எல்லாம் அடங்கியபின் முருகையா தயாபரனைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். “நீதானாடா?”

“இல்லைங்க. மாட்டை அவுக்கத்தான் போனேன்.”

யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. சிலர் முகட்டுக்கு ஏறிப்போய் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்தார்கள். ரோட்டோரத்து மரக்கறித் தோட்டத்தில் ஒருவர் பழைய கொடியைக் கொளுத்தியிருந்தார். அதிலிருந்து கரிக்கோடு நேராக மேலே ஏறியிருந்தது. அந்த மனுசனே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாராம்.

செவலையின் மடி தீப்பட்டுக் கொப்புளித்திருந்தது. மறுநாள் ஸிஹாமா வந்து களிம்பு போட்டாள். “கன்னுக்கு ஆபத்தில்ல. ஆனா பால் கறக்கறது கஷ்டம்தான்” என்றாள். கலாராணி தயாபரனின் மாட்டுப்பட்டி வாசலில் நின்றாள். உள்ளே போகக் கூச்சமாக இருந்தது.

“தம்பி, எல்லார் முன்னாலயும் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, “நானும் எல்லார் முன்னாலயும் கொளுத்தணும்னுதானே அண்ணி சொன்னேன். வேற யாரை நினைப்பீங்க” என்றான்.

மேல்பாதி கரிக்கட்டையாகக் கிடந்தது. புரட்டாசியில் அங்கே குருத்து வந்தது. தயாபரன் மாட்டை அதில் விடவில்லை. ஏன் என்று கலாராணி கேட்டதற்கு, “வேர் பிடிக்கட்டும்” என்று மட்டும் சொன்னான். ஆனால் மண்ணைப் பிடிக்க அந்தக் குருத்து போதாது என்று இருவருக்குமே தெரியும். வெட்டிப்போட்டிருந்த மானாவைக் குறுக்கே குறுக்கே கிடத்தி முளையடித்தார்கள். முடிவதற்குள் மழை பிடித்துவிட்டது.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. லயம் மறுபடியும் கோவிலுக்குள் போனது. கலாராணி போகவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பட்டி வாசலில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் விடியும்போது ஓடைப் பக்கத்துக் கரிமண் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு கழன்றது. கறுப்புச் சேறு இறங்கியது. கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. மாடுகளின் கயிற்றை அவிழ்த்து அவற்றை வெளியே தள்ளினாள்.

எரியாமல் தப்பிய இரண்டாவது கிளிசீரியா வரிசையில் சேறு மோதியது. போத்துகள் சாய்ந்தன, சில பிடுங்கிக்கொண்டு போயின. கினிப்புல் தூர்களுக்குள் சேறு புகுந்து, விரிந்து, வேகம் குறைந்தது. கானில் விழுந்தது கலங்கல் தண்ணீர் மட்டும்தான். பட்டிக்குள் கணுக்கால் அளவு கலங்கல் வந்துவிட்டுப் போனது.

மழை விட்டதும் முருகையா ஏறிவந்து பார்த்தார். எரிந்த பக்கம் மேல்மண் உரிந்து சிவப்பாய் அடிமண் தெரிந்தது. இந்தப் பக்கம் புல் சேறு படிந்து கிடந்தாலும் அசையவில்லை.

“வர்ற ஆனியில எல்லாக் காம்பராவிலேருந்தும் ஒரு ஆள் வரச் சொல்றேன். பட்டை வெட்ட” என்றார். “நீ ஒருத்தியா செய்யாத.”

எல்லாரும் வருவார்கள் என்று கலாராணிக்கு நம்பிக்கை இல்லை. இன்னமும் அவளால்தான் தீ அவ்வளவு பெரிதாக வந்தது என்று சொல்பவர்கள் லயத்தில் இருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அவள் சாய்ந்த போத்துகளை நிமிர்த்தத் தொடங்கினாள். கீழே தயாபரன் புதுப் போத்துக் கட்டு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறிவந்தான்.

“எங்கேருந்து ஊனணும் அண்ணி?”

அவள் உரிந்து கிடந்த சிவப்பு மண்ணைக் காட்டினாள். இருவரும் வழுக்கி வழுக்கி மேலே ஏறினார்கள்.