கடல் தெரியும் அறை

பருத்தித்துறையில் தங்க இடம் தேடுகிறேன். கடல் தெரியும் அறைதான் வேண்டும் என்கிறேன். கார்ச் சாரதி இராசையாவுக்குச் சிரிப்பு வருகிறது.

"ஐயா, வீடு பாக்கிறதெண்டால் முதல்லை கிணத்தைப் பாருங்கோ. கடலையோ குடிக்கப் போறியள்?"

கடற்கரைத் தெருவில் 'அறை வாடகைக்கு' என்ற பலகையைக் கண்டு நிறுத்தச் சொல்கிறேன். அரை மனதாக நிறுத்துகிறார். வாசலுக்கு வந்த பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். காரைப் பார்த்து முறைக்கிறார்.

ஜன்னலைத் திறந்தால் கடல் அப்படியே அறைக்குள் வந்துவிடுகிறது. கட்டிலில் உட்கார்ந்ததுமே கண் சொக்குகிறது. அதற்குள் தேநீர் வருகிறது. எவ்வளவு சீனி போட்டும் உப்புக் கரிக்கிறது. கை கழுவப் போனால் சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறது.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வருகிறேன். இராசையா என் பெட்டியை இறக்கவே இல்லை.

"தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

"ஓம்."

"ஏறுங்கோ. நெல்லியடியிலை நல்ல தண்ணி வீடு ஒண்டு இருக்கு."

கார் தெருமுனை திரும்பியதும் கேட்கிறேன். "அந்தக் கடற்கரை வீட்டுத் தண்ணீர் உப்பென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது என்ரை மனிசியின்ரை சீதன வீடு. கலியாணம் முடிச்ச நாள் தொட்டு அந்தத் தண்ணிதான் குடிக்கிறன்."

"பிறகு ஏன் வந்த ஆளைக் கிளப்பிக்கொண்டு போகிறீர்கள்?"

இராசையா தெருவைப் பார்த்தபடியே சொல்கிறார்:

"உங்களுக்கு அந்தக் கட்டிலைக் குடுத்தால் நானெல்லோ விறாந்தையிலை படுக்கவேணும்!"