பேருந்தில் நம்பர் ஒன்னைத் திருத்திய கதை

மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு அண்ணன்கள் ஸ்நூக்கர் என்ற மேசைப்பந்து விளையாட்டைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“உலக சாம்பியன் எவனோ அவன்தான் மச்சான் நம்பர் ஒன்னு!” என்றார் தாடிக்காரர்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “இல்லண்ணா, சாம்பியன் ஆகாமலே நம்பர் ஒன்னா இருந்தவங்க உண்டு.”

பக்கத்திலிருந்த அவருடைய நண்பர் சிரித்தார். “ஸ்கூல் பொண்ணுகிட்ட பல்பு வாங்கிக்கினியேடா!”

தாடிக்காரர் சிரிக்கவில்லை. என்னையே முறைத்தார்.

செங்கல்பட்டில் நான் இறங்கியதும் அவரும் இறங்கிப் பின்னாலேயே வந்தார். பயந்து ஓடி, கூட்டமாக இருந்த மருந்துக்கடைப் படியில் ஏறினேன்.

“இன்னாம்மா ஓடுற? அப்போ நம்பர் ஒன்ன எப்டித்தான் முடிவு பண்றாங்க?” என்றார் தாடிக்காரர், கீழே நின்றபடி.

“ரெண்டு வருஷம் ஜெயிச்ச பரிசுப் பணத்தக் கூட்டிண்ணா...” என்றேன், படியை விட்டு இறங்காமலே.

தப்பான தகவலைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டு பயணம் செய்யத் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன்.